மூச்சை முகரும் கருவி

எண்ணூரிலிருந்து இராயபுரம் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த பெண்மணிகள் இருவருள் இளையவர் கூறினார்:

"ஆஸ்பத்திரில எங்க வூட்டுக்காரரு வுடுற மூச்ச ஒரு மிஷினு மோந்து பாக்குதுக்கா."

"இன்னாமே சொல்ற?"

"அவர மூச்சு மிஷின்ல வெச்சிகீறாங்கல்ல, நுரையீரல்ல கிருமி பூந்தா, ஜொரம் வர்றதுக்கு முன்னாடியே இந்த மோந்து பாக்குற மிஷினு காட்டிக் குடுத்துடுமாம். நேத்து காட்டிச்சு, ஒடனே மருந்து ஏத்திட்டாங்க. பொழச்சிக்குவாருன்றாங்க."

மூத்தவர் சன்னலுக்கு வெளியே தெரிந்த ஆலைப் புகைபோக்கிகளை ஒருமுறை நோக்கினார்.

"இத்தினி வருசமா இந்தப் பொகைய இஸ்துகினு கெடந்தாரே, அப்ப ஒருத்தனும் வந்து மோந்து பாக்கல. அத்த வுடு. தேறினா எங்க இட்டாருவ?"

"எங்க போறது? எண்ணூருக்குத்தான்."

"அப்ப அந்த மோந்து பாக்குற மிஷின இட்டாந்துடாத. நம்ம தெருவுல ஒரு நாளு வெச்சா, அதுக்கே மூச்சு மிஷினு வெக்கணும்."