மார்னி சொல்லக் கேட்டவை

மதிய இடைவேளையில் தேநீர் தயாரிப்பது எங்கள் ஆய்வகத்தில் என் பொறுப்பு, அதிகாரி அவர்களே. மினசோட்டாவின் குளிரில் அதை எவரும் மறுப்பதில்லை.

பத்தொன்பது ஆண்டுகளாக எலிகளின் நினைவாற்றலை அளந்து வந்தேன். எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்பதை அளப்பவர் அறியலாகாது. அவ்விவரம் ஒட்டிய உறைக்குள் இருக்கும். நான் அவ்வுறையை நீராவியில் பிரித்துப் பார்ப்பதுண்டு. வெளியே தெரிந்தால் அத்தனை ஆண்டு உழைப்பும் குப்பைக்குப் போகும். ஆய்வு மாணவி மார்னி டுவோராக் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆரின், உங்க மூஞ்சியப் பாத்தாலே எலிக்குத் தெரிஞ்சிரும் போல, ஊசியில மருந்தா உப்புத்தண்ணியான்னு," என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல், "திங்கக்கிழமைக்குள்ள பேராசிரியர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. இல்லன்னா நான் சொல்ல வேண்டி வரும். கோவிச்சுக்காதீங்க," என்றாள்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை.

எங்கள் மருந்து மூளைச் செல்களில் செய்தியை வாங்கும் ஏற்பிகளை அடைப்பது. நினைவுகூர்ந்த ஒன்றை மூளை மீண்டும் பதித்துக்கொள்ள வேண்டும்; அவ்வேளையில் ஏற்பிகள் அடைபட்டிருந்தால் அந்நினைவு திரும்புவதில்லை. ஆகவே அதனைக் கலந்த தேநீரை அவளுக்கு அளித்து, உறையைப் பற்றி முதலிலிருந்து சொல்லுமாறு வேண்டினேன். திங்களன்று அவள் பேராசிரியரிடம் பனிப்பொழிவைப் பற்றி மட்டுமே பேசினாள்.

என் சிக்கல் அத்துடன் தீர்ந்தது. ஆயினும் ஒரே முறை கிடைத்த முடிவை முடிவென்று கொள்ளலாகாது என்பது எங்கள் மரபு. அடுத்த வாரம், அதே தேநீரை அளித்து, அவளுடைய மகள் எல்சி பிறந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

"அன்னிக்குப் பனிப்புயல். கார் பள்ளத்துல மாட்டிக்கிச்சு. பனி தள்ற வண்டிக்காரர்தான் எங்கள ஏத்திக்கிட்டு, வழியத் தள்ளிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போனாரு. பிள்ள பொறந்ததும் அந்த மனுசன் வாசல்ல நின்னு அழுதாராம். நான் சிரிச்சேன்."

அவள் கோப்பையை இரு கைகளாலும் பற்றியிருந்தாள். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். மறுநாளும், அதற்கு மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள் பனிப்புயல் மட்டும் மிஞ்சியிருந்தது.

வெள்ளியன்று அவளே என் மேசைக்கு வந்தாள்.

"ஆரின், நான் பொறந்த கதையச் சொல்லும்மான்னு எல்சி கேக்குறா. எனக்கு ஒண்ணுமே வரல. உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

குறிப்பேடு என் சட்டைப் பையில் இருந்தது. இல்லை என்றேன். ஆய்வு முடியுமுன், சோதனைக்கு உட்பட்டவரிடம் விவரம் எதையும் சொல்லலாகாது. இந்த விதியையாவது நான் மீறவில்லை என்பதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.