இண்டைக்கும் புட்டோ?

— கடைப் பூட்டின்ர திறப்பைத் தாரும் அனோஜா. கடையை எடுக்க பைறூஸ் நானா இப்ப வந்திடுவார்.

— தரமாட்டன்.

— விசர்க்கதை கதையாதையும். கடையை அவருக்குத் தாறன் எண்டு வாய் விட்டுச் சொல்லிப்போட்டன்.

— சொன்ன வாயாலயே வேண்டாமெண்டும் சொல்லலாம். மல்லாவியில எங்க நல்ல கொத்துரொட்டி கிடைக்குமெண்டு ஆரைக் கேட்டாலும் பிரதீபன்ர கடையைத்தான் காட்டுவினம். அதைப் போய்க் குடுக்கப் போறாராம்!

— கை போயிட்டுதப்பா. நேற்று ரெண்டாவது கொத்து முடியேல்ல, கொத்துற தகடு கையால நழுவி ரொட்டிக் கல்லில விழுந்திட்டுது. சனமெல்லாம் திரும்பிப் பாக்குது. எனக்கு வெக்கமாப் போச்சு.

— அது ஏன் நோகுதெண்டு நினைக்கிறீங்கள்?

— தெரியாத மாதிரிக் கேளும். சண்டைக் காலத்தில பட்டு உள்ளுக்குக் கிடக்கிற ஷெல் துண்டு நகர்ந்திட்டுது. பக்கத்து வீட்டு ரூபன்ர காலில கிடந்த துண்டு நகரேல்லையோ? வெட்டி எடுத்தும் இப்பவும் இழுத்து இழுத்துத்தானே நடக்கிறான். எனக்குப் பயமாக் கிடக்கு அனோஜா. கையையே எடுக்கச் சொல்லுவினமோ எண்டு நித்திரை வருகுதில்லை.

— எக்ஸ்ரேயில துண்டு கிடந்த இடத்திலயே கிடக்கெண்டு டொக்டர் சொன்னவர்தானே?

— அவர் சொல்லிப்போட்டுப் போயிடுவார். நோகிறது எனக்கெல்லோ.

— நில்லுங்கோ பாப்பம். துண்டு எங்க கிடக்கு?

— இஞ்ச, புயத்துக்குள்ள.

— நோகிறது எங்க?

— முழங்கையின்ர வெளிப்பக்கத்து எலும்பில. ஊ! அமத்தாதையும்!

— சரி, சரி. அந்தத் தேத்தண்ணிக் கேத்திலைத் தூக்குங்கோ. உள்ளங்கை கீழ பாக்கட்டும்.

— ஐயோ! ஏலாது.

— இப்ப கைப்பிடிக்குக் கீழால விரலை விட்டு, உள்ளங்கை மேல பாக்கத் தூக்குங்கோ.

— ம்ம்... குறைவாத்தான் கிடக்கு.

— துண்டு செய்யிற வேலையெண்டா கையைத் திருப்பினவுடன நோ குறையுமே? அது தசைநார். இறுக்கிப் பிடிச்சு டக்கு டக்கெண்டு கொத்திக் கொத்தி, அந்த எலும்போட ஒட்டியிருக்கிற நார் நொந்துபோச்சு. தேத்தண்ணிக் கோப்பை தூக்க நோகும், ஈரத்துணி முறுக்க நோகும், ஆரும் கை குடுத்தாலும் நோகும்.

— உதெல்லாம் உமக்கு ஆர் சொன்னது?

— கிளினிக்கில பிசியோதெரபிப் பிள்ளை.

— நீர் எப்ப கிளினிக்குக்குப் போனனீர்?

— கதையை மாத்தாதேங்கோ. உங்கட தகட்டுப் பிடி மெல்லிசு, அதுதான் அப்பிடி இறுக்கிப் பிடிக்கிறீங்கள். பழைய சைக்கிள் ரியூப்பைச் சுத்தினா தடிப்பா வரும். ரொட்டிக் கல்லுக்கு முன்னால ஒரு பலகை போடுறன். ஏறி நிண்டா கையைத் தூக்கிக் கொத்தத் தேவையில்லை, முழங்கை உடம்போட ஒட்டி நிக்கும்.

— பலகையில ஏறி நிண்டு கொத்துறதோ? நாடகம் போடுற மாதிரி?

— சனம் விசிலடிக்கட்டும், உங்களுக்கென்ன? கொத்தை நிப்பாட்டத் தேவையில்லை, கொஞ்ச நாளைக்குக் குறைப்பம். ரொட்டியும் பிளேன்ரீயும் ஓடட்டும். பிறகு, உந்தத் தண்ணிப் போத்தல்.

— குசினி யன்னல்ல எப்பவும் கிடக்கிற போத்தலோ? உதைக் குடிச்சா நோ போயிடுமாக்கும்.

— பகிடியை விடுங்கோ. கையை மேசையில நீட்டி, மணிக்கட்டை மட்டும் வெளியில விட்டுப் போத்தலைப் பிடியுங்கோ. மெல்ல மெல்லக் கீழ இறக்குங்கோ. மற்றக் கையால மேல கொண்டு வந்து திரும்ப இறக்குங்கோ. கொஞ்சம் நோகும், பரவாயில்லை. அடுத்த நாள் நோ கூடினா போத்தலில தண்ணியைக் குறையுங்கோ. விரல் விறைச்சா, முழங்கை வீங்கினா, உடன டொக்டரிட்டைப் போவம்.

— எப்ப மாறும்?

— மாசக் கணக்கில எடுக்கும். ஆனா மாறும்.

— நீர் சொல்லுவீர். மாறாட்டி? இண்டைக்கு நானாவைத் திருப்பி அனுப்பிப்போட்டு, பிறகு கையும் இல்லை கடையும் இல்லை எண்டு நிக்கிறதோ?

— மாறும் எண்டுறன்.

— உமக்கு என்னெண்டு தெரியும்? எனக்கு நோகிறது உமக்கு நோகுதே?

— முதல்ல சாப்பிடுங்கோ. எல்லாம் மேசையில மூடி வைச்சிருக்கிறன்.

— இண்டைக்கும் புட்டோ? ரெண்டு மாசமா வீட்டிலயும் புட்டு, கடையிலயும் புட்டு. காலமை வாற சனம் என்னைக் கேக்குது, உங்கட மனுசி இடியப்பத்தை மறந்துபோனாவோ எண்டு.

— மறக்கேல்ல. இடியப்ப உரலை அமத்த ஏலாமல் இருந்தது.

— என்ன?

— இந்தக் கை. இதே எலும்பு. உங்கட சாரத்தைப் பிழியாமல் கொடியில போட, தண்ணி வடியுதெண்டு என்னை ஏசினனீங்களே, ஞாபகமோ? பிழிய ஏலேல்லையப்பா. என்ர கையில ஒரு துண்டும் இல்லை. எண்டாலும் அதே இடம், அதே நோ. யன்னல்ல கிடக்கிற போத்தலும் எனக்கெண்டு வைச்சதுதான்.

— அனோஜா... ஏனப்பா எனக்குச் சொல்லேல்ல?

— உங்கட கைக்குள்ள ஷெல் துண்டு. அதுக்குப் பக்கத்தில என்ர இடியப்ப நோவைக் கொண்டுவந்து வைக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது.

— விசரி. நான் ஒரு மடையன், புட்டைத்தான் கண்டன், உம்மட கையைக் காணேல்ல. இப்ப எப்பிடிக் கிடக்கு? உண்மையைச் சொல்லும். மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்குது, பைறூஸ் நானாதான். அவருக்கு நான் என்னத்தைச் சொல்ல?

— சாப்பிட வரச் சொல்லுங்கோ. ஆனா முதல்ல மூடியைத் திறந்து பாருங்கோ. இண்டைக்குப் புட்டில்லை.