நான்கு வட்டுகளையும் துடைத்தேன்

பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்த பழைய வட்டுத் தொகுப்பை முறையாகக் கலைக்காமல் அதே வட்டுகளில் புதியதை உருவாக்கக் கூடாது சார். உருவாக்கினால், கணினியை அணைத்துப் போடும்போது பழையது அரைகுறையாக எழுந்து வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். முதலில் பழையதை நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு வட்டிலும், அது எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று குறித்திருக்கும் சின்ன அடையாளத்தை அழிக்க வேண்டும். சில நொடி வேலை. அதைத்தான் செய்தேன் என்று முன்பு உங்களிடம் சொன்னேன்.

கேரளத்து அரூரில் எங்கள் இறால் ஆலையின் கேமராப் பதிவுகள் அந்த நான்கு வட்டுகளில்தான் இருந்தன. கணினிகளுக்கு நான் ஒருவன்தான். குளிர் அறையில் வேலை பார்த்த அந்தப்பன் சேட்டனுக்கு என்னைக் கண்டாலே கேலி.

"கம்ப்யூட்டர் சாரே, ஏசிக்கே ஸ்வெட்டர் போடுற ஆளு நீ. உள்ள வந்து ரெண்டு நிமிஷம் நின்னு காட்டு பாப்போம்."

இறால் உரிக்கும் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலையில் ஆட்கள் குறைவு. சேட்டன் குளிர் அறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்திருந்தது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். கான்டீனில் பரோட்டா சூடாக இருந்தது, டிவியில் பந்தாட்டம். மறந்துவிட்டேன். சாயங்காலம் வேறு யாரோ கதவைத் திறந்தபோது சேட்டன் குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தார்.

தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கும் என்றார்கள். மேலாளர் வர்க்கி சார் என்னைக் கூப்பிட்டார். "ஷினோஜே, போலீஸ் கேக்கும். பழைய டிஸ்க்கெல்லாம் கழட்டி அலமாரியில வை. புதுசு நான் வாங்கித் தர்றேன்."

நான் கழற்றவில்லை. அடையாளத்தை மட்டும் அழித்தால் பதிவுகள் வட்டிலேயே இருக்கும், தெரிந்தவர்கள் மீட்டுவிடலாம். அதனால் நான்கையும் முதலிலிருந்து கடைசிவரை பூஜ்யத்தால் நிரப்பினேன். புதிய தொகுப்புக்கு அது தேவையே இல்லை.

சேட்டனின் மனைவி ஃபிலோமினா சேச்சி என்னைத் தேடி வந்தார்.

"மோனே, அவரு உள்ளேருந்து கதவத் தட்டியிருப்பாருல்ல? அந்தப் பக்கம் யாருமே போகலையா? அத மட்டும் பாத்துச் சொல்லு."

"வட்டு கெட்டுப்போச்சு சேச்சி."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ என்ன பண்ணுவ, பாவம். மொகமே வாடிக் கெடக்கு. சோறு தின்னியா?"

தின்றேன் என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறந்துவிட்டேன் என்றேன் அல்லவா, அது உண்மையில்லை சார். சாப்பிட்டு முடித்துத் திரும்பி வந்தேன். அது பதிவில் இருந்தது. கதவில் காதை வைத்துக் கேட்கிறேன். உள்ளே அவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார், மெதுவாக. தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறந்தால் எல்லோர் முன்னாலும் என்னை அறைவார் என்று தோன்றியது. கையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.