விழித்ததும் ஒன்று

ஜெர்மன் மொழியில் மேசை ஆண்பால், கதவு பெண்பால், சின்னப் பெண் மட்டும் அஃறிணை. முதல் வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிக்கும். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிவருகிறேன், ஒரு தடவைகூடச் சிரிப்பு தப்பியதில்லை. உங்கள் ரைட்டர்கூட இப்போது சிரித்தார், கவனித்தேன். இதையெல்லாம் அவர் எழுத வேண்டாம் இன்ஸ்பெக்டர். எழுத வேண்டியது வரும்போது நானே சொல்கிறேன்.

பெயர் முனைவர் சிவசுப்பிரமணியன். முனைவர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் ஆங்கிலத் துறைத் தலைவர். பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தபோது மாலை வகுப்பில் ஜெர்மன் சான்றிதழ்ப் படிப்பும் முடித்தேன். ஒன்பது மாதம். சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கோமதியம்மன் படத்தைக் கும்பிட்டுவிட்டு அடுத்ததாக அதைத்தான் பார்ப்பார்கள். அந்த மொழியில் எனக்கு மிச்சமிருந்தது மேசை, கதவு, சின்னப் பெண், அதற்கு மேல் ஒரு முப்பது நாற்பது சொல். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சங்கரன்கோவிலில் ஜெர்மன் தெரிந்தவராக இருப்பதற்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். அதை மறைப்பதற்கில்லை. பள்ளிக்கூடத்தை 'இஸ்கூல்' என்று ஒரு பையன் சொன்னால் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வேன். ஒரே கைடிலிருந்து நாற்பது பேர் ஒரே பிழையை எழுத்து மாறாமல் எழுதிய விடைத்தாள்களைத் திருத்திவிட்டு டெட்டால் ஊற்றிக் கை கழுவுவேன். வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி அகிலாண்டேஸ்வரிக்கு இரண்டு வருஷமாக மூட்டுவாதம். விரல் கணுவெல்லாம் இஞ்சி மாதிரி புடைத்திருக்கும். கோவில் புற்றுமண்ணைக் குழைத்து முழங்காலில் பூசிக்கொண்டு அடுக்களையில் நிற்பாள். அது காய்ந்து பொருக்காக உதிரும். அதே கையால் சோறு பரிமாறுவாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றிச் சொல்லக் கூடாதுதான், ஆனால் குமட்டுகிறது என்றால் குமட்டுகிறதுதானே.

அவளுடைய அக்கா மகன் கைலாஷ் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். சித்தியின் ரத்தப் பரிசோதனைத் தாள்களை அங்கே ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கி, ஊருக்கு வந்த நண்பனிடம் கொடுத்துவிட்டான். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அகிலா போனில் கேட்டதற்கு, "எல்லாம் பெட்டிலயே எழுதிருக்கு சித்தி, சித்தப்பாதான் ஜெர்மன் படிச்சவுகள்லா, அவுகளே சொல்லுவாக" என்று வைத்துவிட்டான். நானே ஊரெல்லாம் பரப்பிய சேதி கடல் தாண்டி அவனையும் எட்டியிருந்தது.

பெட்டி வந்தது ஆடித்தபசு முடிந்த ஞாயிற்றுக்கிழமை. அந்த நேரம் பார்த்து கல்லூரிச் செயலர் கோமதிசங்கரும் முதல்வரும் என் வீட்டில் இருந்தார்கள். கல்லூரியில் அயல்மொழி மையம் ஒன்று தொடங்குவதாக ஏற்பாடு. ஜெர்மன் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வெளிநாடு போகும், பிள்ளைகள் வெளிநாடு போனால் கல்லூரிக்குக் கூட்டம் வரும் என்பது செயலரின் மொழிக் கொள்கை. ஆனால் இயக்குநராகத் திருநெல்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். என் வீட்டில், என் சோபாவில், என் சான்றிதழுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

அப்போதுதான் அகிலா காப்பித் தட்டோடு பெட்டியையும் கொண்டுவந்தாள். "இத மட்டும் படிச்சுச் சொல்லிருங்க" என்றாள்.

பெட்டியின் மேல் பேனாவால் இரண்டே சொற்கள். முதல் சொல் ஐன்மால். ஒருமுறை என்று அர்த்தம், அது தெரியும். இரண்டாவது, வோஷென்ட்லிஷ். அது எனக்குத் தட்டுப்படவில்லை. முப்பது வருஷம் ஆகிவிட்டது, யாருக்கும் நேர்வதுதான். மூன்று பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாஹென் என்றால் விழித்திருப்பது என்று எங்கேயோ ஞாபகம் வந்தது. ஆங்கிலத்தின் 'வேக்' அதற்கு உடன்பிறப்பு. பிடித்துக்கொண்டேன். ககர ஒலி வடக்கே போகப்போக எப்படித் தேய்ந்து ஹகரமாகிறது, விழிப்பு என்ற வேரிலிருந்து இந்தச் சொல் எப்படிக் கிளைத்தது என்று பத்து நிமிஷம் விளக்கிவிட்டு, ஒருமுறை, விழித்ததும், அதாவது தினமும் காலையில் எழுந்தவுடன் ஒன்று என்று முடித்தேன்.

செயலர் தொடையில் தட்டினார். முதல்வரைப் பார்த்து, "ஒத்தச் சொல்ல வச்சு இம்புட்டுச் சொல்லுதாக. வெளியாளு எதுக்கு வே? சாரே டைரக்டரா இருக்கட்டும்" என்றார். முதல்வர் தலையாட்டினார். அந்த வேலைக்குத்தான் அவருக்குச் சம்பளம். எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை திறப்பு விழா என்று அங்கேயே முடிவாயிற்று. அகிலாவுக்குப் பூரிப்பு. பெட்டியைக் கொண்டுபோய் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலை முதல் மாத்திரை. செவ்வாய் ஒன்று. புதன் ஒன்று.

புதன் மத்தியானம் மாரிசெல்வி வந்தாள். எங்கள் துறையில் எம்.ஏ. இரண்டாம் வருஷம். பனவடலிசத்திரத்துப் பெண், அப்பா மூக்காண்டி அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போகிறவர். இவள் போனைப் பார்த்தே ஜெர்மன் படித்து, சென்னைக்குத் தனியாக பஸ் ஏறிப்போய் இரண்டு நிலைத் தேர்வு எழுதித் தேறியிருந்தாள். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. ஆசிரியர் அறையில் இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த வாயில் அந்த மொழி எப்படி நுழைந்திருக்கும் என்று நினைத்தபோதே ஒருமாதிரி இருந்தது, தலைமுடி கிடந்த சோற்றைப் பார்த்ததுபோல.

ஆய்வேட்டில் கையெழுத்து வாங்க வந்தவள். முன்னறையில் உட்காரவைத்து அகிலா பேசிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு சொல்லில் ஊரை மயக்கிய கதையைச் சொல்லிப் பெட்டியைக் காட்டியிருக்கிறாள். சற்று நேரத்தில் பெட்டியோடு என் அறைக்கு வந்தாள்.

"ஏங்க, இந்தப் பிள்ள, வாரத்துக்கு ஒண்ணுன்னுல்லா சொல்லுதா."

மாரிசெல்வி நிலைப்படியைத் தாண்டாமல் நின்றாள். பெட்டியைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். "சார், வோஹென்னா வாரம். அதுல இருந்து வந்த சொல்லு சார் இது. பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். நீங்க ஏதோ அவசரத்துல பாத்திருப்பிய" என்றாள்.

தவறு என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அவசரத்தில் பார்த்திருப்பீர்கள் என்று எனக்கு ஒரு வழி விட்டாள். ஒரு கூலிக்காரர் மகள் எனக்கு வழி விடுகிறாள். உலகத்தில் எத்தனையோ அசிங்கம் பார்த்திருக்கிறேன். மன்னிக்கப்படுவதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

ரெண்டு பரீட்சை எழுதிவிட்டால் மொழி வந்துவிடாது, போன் சொல்வதை நீ சொல்கிறாய், நான் வேரை வைத்துச் சொல்கிறேன் என்று அவளிடம் நிதானமாகவே சொன்னேன். பிறகு அகிலா பக்கம் திரும்பினேன்.

"நீ நான் சொல்லுததக் கேட்டுச் சாப்பிடுதியா, இவ சொல்லுததக் கேட்டுச் சாப்பிடுதியா?"

அகிலா சிரித்துவிட்டாள். "நல்லாக் கேட்டிய. இருபத்தாறு வருசமா யாரு சொல்லக் கேட்டேன்?"

ஆய்வேட்டில் நாற்பத்தொரு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. அவள் போன பிறகு பழைய அகராதியை எடுத்தேன். உள்ளிருந்து வெள்ளிப்பூச்சி இரண்டு ஓடின. அவள் சொன்னது சரி. வோஹெ என்பது வாரம், ஆங்கிலத்தின் 'வீக்' அதன் கூடப்பிறந்தவள். நான் வேறு வீட்டுப் பெண்ணுக்கு உறவு சொல்லிவிட்டேன். எவ்வளவு அற்பமான பிழை என்று பாருங்கள். ஒரே ஓர் உயிரெழுத்து.

அன்றைக்கே அகிலாவிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவள் என்னைக் குறைத்து நினைத்திருக்க மாட்டாள், அது எனக்கும் தெரியும். ஆனால் சந்தோஷத்தில் வெளியே சொல்லிவிடுவாள், அந்தப் பிள்ளைக்குத்தான் எவ்வளவு கெட்டித்தனம் என்று. அக்காவிடம் சொல்வாள், கீரைக்காரியிடம் சொல்வாள். திங்கட்கிழமைக்குள் செயலர் காதுக்குப் போய்விடும். ஆகவே திங்கள் விழா முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன். இடையில் ஐந்து மாத்திரை. ஐந்து வாரத்து மருந்து முன்கூட்டியே உள்ளே போகிறது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். மருத்துவம் என் துறையல்ல.

பெட்டியை ஒளித்து வைத்திருக்கலாம், தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அது தோன்றவில்லையா என்று நேற்று கேட்டீர்கள். தோன்றியது. ஆனால் மாத்திரை நின்றுபோனால் அந்தப் பெண் ஜெயித்ததுபோல ஆகிவிடும்.

சனிக்கிழமை அகிலாவுக்கு வாய் வெந்துபோயிற்று. உதட்டோரம் வெடித்து, நாக்கு தோலுரித்த தக்காளி மாதிரி இருந்தது. வாயைத் திறந்தால் வாடை. நான் படுக்கையை மாடிக்கு மாற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல். கைலாஷ் போன் செய்தான், நான்தான் எடுத்தேன். "சித்தி மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடுதாகளா?" என்றான். ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்றேன். இலக்கணப்படி அதில் பொய் கிடையாது.

திங்கட்கிழமை காலை விழுங்க முடியவில்லை என்று சைகை காட்டினாள். பொடித்து இளநீரில் கரைத்துக் கொடுத்தேன். என் கையால் கொடுத்தது அது ஒன்றுதான். இதை ரைட்டர் எழுதிக்கொள்ளலாம்.

அங்கிருந்து நேரே விழாவுக்குப் போனேன். வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸில் ஜெர்மன் என்ற ஆங்கிலச் சொல்லில் அச்சுக்கடைக்காரன் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தான். படித்தால் 'ஜெர்ம்-மென்', கிருமி ஆட்கள் என்று காதில் விழும். ஆளை வரவழைத்து, ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி முடிக்கிறவரை முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். சிறப்பு விருந்தினர் காத்திருந்தார். காத்திருக்கட்டும், ஓர் எழுத்துப் பிழையோடு என்னால் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்க முடியாது. விழாவில் மேசை, கதவு, சின்னப் பெண் சொன்னேன். நல்ல சிரிப்பு. மாரிசெல்வி கடைசி வரிசையில் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

அன்று மாலை அகிலாவிடம் சொல்லியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை பேப்பரில் படம் வரும் என்றார்கள், அது வரட்டும் என்று விட்டேன். படம் வந்தது. அன்று அவளால் வாயே திறக்க முடியவில்லை. அதனால் மாத்திரை எட்டோடு நின்றது. புதன் அவளைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன், ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே டாக்டர் கேட்டார், வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று. மூட்டுவாதத்துக்கு ஒரு வெளிநாட்டு மாத்திரை என்றேன். "தினமுமாம்மா?" என்று அகிலாவைப் பார்த்துக் கேட்டார். அகிலாவால் பேச முடியாது. தலையாட்டியிருக்கலாம், ஆட்டவில்லை. என்னைப் பார்த்தாள். பதிலை நான்தான் சொல்வேன் என்று அவளுக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம்.

வாரத்துக்கு ஒன்று என்றேன்.

அந்தச் சொல்லை அப்போதுதான் முதல்முறையாகச் சரியாக மொழிபெயர்த்தேன். அதை நம்பி அவர்கள் டெங்கு, டைபாய்டு என்று மூன்று நாள் தேடினார்கள். ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே போயின. சனிக்கிழமை விடிவதற்குள் போய்விட்டாள். மாத்திரைக்கு முறிவு மருந்து உண்டாம், வந்த அன்றைக்கே தெரிந்திருந்தால் கொடுத்திருக்கலாமாம். டாக்டர் பின்னால் சொன்னார். நல்ல உச்சரிப்பு அவருக்கு.

காரியத்துக்கு வந்த கைலாஷ், பட்டையில் எட்டு மாத்திரை காலியாக இருந்ததைப் பார்த்தான். மாரிசெல்வி போனில் இருந்த படத்தைக் காட்டினாள், தேதியோடு. மீதி உங்களுக்குத் தெரியும்.

ரைட்டர் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள், நன்றி. நீங்கள் நல்ல மனிதர், எனக்கு ஒரு வழி விடப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. 'ஜெர்மன் மொழி போதிய அளவு தெரியாததால் அறியாமையில் தவறாகப் படித்து, பின்னர் பயத்தால் மறைத்துவிட்டேன்' என்று இருக்கிறது. அந்த வரியை அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கையில் வாங்கியபோதே எனக்கு அர்த்தம் தெரியும், தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன் என்று எழுதுங்கள். நான் இதுவரை உங்களிடம் சொன்னது பேச்சு. பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்து நிற்கும்.

"சார், அப்படி எழுதுனா அது கொலைல்லா" என்கிறீர்கள்.

இருக்கட்டும். என் பெயருக்குக் கீழே எனக்கு ஜெர்மன் தெரியாது என்று ஒரு தாள் இருப்பதை என்னால் அனுமதிக்க முடியாது. அதை மாற்றிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.