‘பெட்டி என் பொறுப்பு’ என்ற டாக்டர் அப்பாதுரை

மேடையில் அமர்ந்திருக்கும் பால் சொசைட்டித் தலைவர் சகாயமேரி அம்மையார் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் கலியமூர்த்தி அவர்களே, காலையிலிருந்து பாத்தி மிதித்துவிட்டுக் கால் கழுவக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் உப்பளத் தோழர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த டாக்டர் ஐயாவின் துணைவியார் அவர்களே, மகள் சந்தியா அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் சிங்காரத்தின் வணக்கம்.

உப்பளத் தொழிலாளர் சங்கச் செயலாளர் என்ற முறையில் மரக்காணம் வட்டாரத்தில் நான் ஏறாத மேடை கிடையாது. உங்களுக்கே தெரியும், மேடை ஏறினால் எனக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். கூலியைக் குறைத்த முதலாளி வேண்டும், மனுவை வாங்கிக்கொண்டு தூங்கிப்போன அதிகாரி வேண்டும். அவரை வாங்கு வாங்கென்று வாங்கினால்தான் எனக்குப் பேச்சே வரும். இன்றைக்கு நான் யாரை வாங்குவது? கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸையா? மைக்கைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கு வரும் கோமாரியைத் திட்டினால் அதன் காதில் விழுமா? நேற்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், திட்ட ஆள் கிடைக்கவில்லை. அதனால் தட்டுத்தடுமாறித்தான் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கால்நடை மருத்துவர் டாக்டர் அப்பாதுரை அவர்கள் போன வியாழக்கிழமை காலை மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. சாகிற வயதா அது? இரும்பையில் பிறந்து, சென்னையில் படித்து, எங்கே வேண்டுமானாலும் போயிருக்கக்கூடிய மனிதர், இந்த உப்புத் தண்ணீர் ஊரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அவர் மாட்டோடு பேசுவதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். மாட்டுக்கு மரியாதை கொடுப்பார், நமக்குக் கொடுக்க மாட்டார். “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா, ஒண்ணும் இல்லீங்க, முடிஞ்சிடுச்சிங்க” என்று மாட்டிடம் சொல்வார். அதே மூச்சில் என்னைப் பார்த்து, “ஏம்பா சிங்காரம், கயித்தை இறுக்கிப் புடி, மைக்கு புடிக்கிற மாதிரி புடிக்காத” என்பார். சுனாமி வந்த வாரம் நாமெல்லாம் மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அறுத்துக்கொண்டு ஓடிய மாடுகளை உப்பளத்துச் சேற்றில் தேடிப் பிடித்துக் கட்டியவர் அவர். அந்த வேலையைச் செய்யச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்களுக்கு வெயில் காலத்தில்தான் உப்பு. ஐப்பசியில் மழை பிடித்தால் பாத்தியெல்லாம் தண்ணீர், தை வரைக்கும் வேலை இருக்காது. அந்த மாதங்களில் இங்கே அடுப்பு எரிவது சொசைட்டிக்குப் பாலை ஊற்றித்தான். ஒரு வீட்டில் மாடு படுத்தால் அந்த வீடே படுத்ததாக அர்த்தம். அதனால்தான் ஐயா ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால், ஆவணியில், கோமாரி ஊசி போட்டுவிடுவார்.

போன ஆவணியிலும் போட்டார். ஆனால் ஐப்பசிக் கடைசியில் கோமாரி வந்தது. வாயெல்லாம் புண், குளம்பெல்லாம் புண், எச்சில் ஒழுக நின்ற மாடுகளை நாம் மறந்துவிடுவோமா? பால் வற்றியது. கன்றுகள் செத்தன. சாலம்மாள் வீட்டுச் சினைமாடு கொட்டும் மழையில் படுத்தது, எழவே இல்லை. ஊசி போடாத மாட்டுக்கும் வந்தது, ஊசி போட்ட மாட்டுக்கும் வந்தது. ஊருக்குள் சண்டையும் கூடவே வந்தது.

தேநீர்க் கடையில் பேப்பர் படித்துவிட்டு ஜெயசீலன் சொன்னார்: “இது வேற வைரஸ்பா. சந்தை மாட்டோட லாரியில வந்திருக்குது. பழைய ஊசி இதுக்குப் புடிக்காது.” பக்கத்திலிருந்தவர், “வைரஸாவது ஒண்ணாவது, மருந்தை வித்துட்டு வெறும் தண்ணிய ஏத்திட்டானுங்க” என்றார். மூன்றாவது ஆள் இரண்டு பேரையும் மடக்கினார்: “ஊசி போட்டதாலதான்யா வந்துச்சு.” கேபிள் டி.வி.யில் அதே பேச்சு, கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் அதே பேச்சு. மாட்டின் வாயைக் கழுவிவிட ஆள் இல்லை, வைரஸைப் பற்றிப் பேச ஊரே இருந்தது.

அப்புறம் ஊராட்சி அலுவலக வாசலில் கூட்டம் போட்டோம். நான்தான் தலைமை. தூறலில் குடை பிடித்துக்கொண்டு ஐயா வந்து நின்றார். ஜெயசீலன் கேட்டார்: “டாக்டர் சார், ஒரே வார்த்தை சொல்லுங்க. புது வைரஸா, இல்ல ஊசி கெட்டுப்போச்சா?”

‘புது வைரஸ்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நிவாரணம் கேட்டு மறுநாளே மனு எழுதியிருப்போம், அவரைத் தோளில் தூக்கியிருப்போம். அவர் என்ன சொன்னார்?

“தெரியலப்பா. கோமாரியில பல வகை இருக்குது. ஊசியில எந்த வகை இருக்குதோ அதுக்குத்தான் அது காவல். புதுசா ஒண்ணு வந்திருக்கலாம். மருந்தும் பெட்டியில கெட்டிருக்கலாம். பெட்டி என் பொறுப்பு. கெட்டிருந்தா நான்தான் கெடுத்தேன்.”

இவ்வளவு சொன்னார் மனிதர். நம் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். அன்றிலிருந்து அவர் மருந்தைக் கெடுத்த டாக்டர் ஆகிவிட்டார். ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் ஐயா, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று அன்றைக்கே அவரிடம் சண்டை போட்டேன். செத்துப்போன மனிதரைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

அந்தப் பெட்டியின் கதை இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது. மாட்டாஸ்பத்திரியில் கூடமாட வேலை செய்யும் தம்பி சவரிமுத்து என் வீட்டுக்கு வந்தான். “அண்ணே, மேடையில நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா அழுதுடுவேன்” என்று கேட்டுக்கொண்டான். அவன் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். ஊசிக்கு முந்தின நாள் இடி விழுந்து டிரான்ஸ்பார்மர் போனது நினைவிருக்கிறதா? ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. மருந்துப் புட்டிகளை ஐயா ஒரு பெட்டியில் வைத்து, மீன் ஏலக் கொட்டகையிலிருந்து ஐஸ் வரவழைத்துப் போட்டு, “குறைஞ்சா இன்னும் கொஞ்சம் போட்டு வைப்பா” என்று சவரிமுத்துவிடம் சொல்லிவிட்டுப் போனார். மற்றதை அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

“ஐஸ் நின்னு புடிக்கணும்னு அது மேல நாலு கை உப்பை அள்ளிப் போட்டேண்ணே. காலையில பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மாடெல்லாம் வுழுந்தப்புறம், அந்தக் கூட்டத்துக்கு முன்னாலயே, டாக்டர்கிட்ட போய்ச் சொன்னேன். அப்படியே உக்காந்துட்டாரு. அப்புறம், ‘வெளியில சொல்லாத, உன் வீட்டைப் பிரிச்சிடுவாங்க’ன்னாரு. இன்னைக்கு அவரே இல்ல. இனிமே என் வீடு இருந்தா என்ன, போனா என்ன.”

உட்காருங்கள். தயவுசெய்து உட்காருங்கள். அவன் எங்கும் ஓடவில்லை, அதோ கம்பத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான். பேச்சை முடிக்க விடுங்கள்.

சாலம்மாள் எழுந்து, “என் மாடு திரும்பி வருமா?” என்று கேட்கிறார். கேட்க வேண்டியவர்தான். வராது அம்மா. நான் எவ்வளவு பேசினாலும் வராது.

கோமாரி மருந்து ஜில்லென்று இருக்கவேண்டுமாம், ஆனால் உறைந்துவிடக் கூடாதாம். உறைந்தால் அதன் சக்தி போய்விடும், மறுபடி உருகினாலும் பார்வைக்குத் தெரியாதாம். உப்பு போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடக் கடுமையாகக் குளிரும். காலையில் சவரிமுத்து என் வாசலில் நின்றபோது, அப்பாடா, திட்ட ஓர் ஆள் கிடைத்தான் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் தோழர்களே, இந்தக் கூட்டத்தில் ஐஸில் உப்பு போடாத கை எது? மீனுக்குப் போடுகிறோம். கல்யாணத்தில் கலர் பாட்டில் குளிரப் போடுகிறோம். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு கை கூடவே போட்டிருப்பேன். நமக்கு உப்புதான் தெரியும், அதைத்தான் நம்பினோம்.

சரி, உப்பால்தான் வந்தது என்றாவது அடித்துச் சொல்ல முடியுமா? அதுவும் முடியவில்லை. வேறு பெட்டியிலிருந்து ஊசி போட்ட பக்கத்து ஊர்களிலும் சில மாடுகளுக்குக் கோமாரி வந்திருக்கிறது. புது வகையாகவே இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஐயா மாட்டின் வாய்ப்புண்ணிலிருந்து தோலை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். அப்போது வெள்ளத்தில் ரோடு அறுந்து கிடந்தது. போய்ச் சேருவதற்குள் அதுவும் கெட்டுப்போய்விட்டது. நேரில் போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்னிடம் சொன்னார்: “கடைசி வரைக்கும் தெரியாது போல இருக்குது சிங்காரம்.” அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தை மாதம் மறுபடி ஊசி வந்தது. கோயில் மைதானத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியும் மைதானம் காலியாகக் கிடந்தது, ஏதோ இரண்டொருவர் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். அப்போது யாராவது அவரை அடிக்கப் போனீர்களா? இல்லை. நாற்காலி போட்டீர்கள், மோர் கொடுத்தீர்கள். “நீங்க நல்லவருதான் சார், ஊசி மட்டும் வேணாம்” என்று கைகூப்பி அனுப்பினீர்கள். சண்டை போட்டிருந்தால் அவரும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பார். மோர் கொடுப்பவர்களிடம் என்ன பேசுவது? குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அந்த வேதனையில்தான் போய்விட்டார் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். நான் சொல்ல மாட்டேன். இதயத்தில் அடைப்பு என்கிறார்கள், இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? இந்த ஆறு மாதத்தில் எனக்கு எதுவுமே தெரியாமல் போய்விட்டது. வைரஸ் எங்கிருந்து வந்தது, தெரியாது. ஊசி கெட்டதா, தெரியாது. நல்ல மனிதர் ஒருவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் ஊரே அவரை ஏன் கைவிடுகிறது, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

அன்பார்ந்தவர்களே, திங்கட்கிழமை மறுபடியும் ஊசி. வேறு ஒரு டாக்டர் தற்காலிகமாக வருகிறார். ஐயாவின் படத்துக்கு முன்னால் நின்று நான் வாக்குக் கொடுக்கிறேன்: என் மாட்டை முதல் மாடாக ஓட்டிக்கொண்டு வருவேன். ஊசி போடும் வரைக்கும் சங்கத்து ஆட்கள் மருந்துக்குக் காவல் இருப்பார்கள், அதில் சவரிமுத்துவும் இருப்பான். இந்தத் தடவை ஊசி பலிக்குமா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது. புது வகை வந்தால் பலிக்காமலும் போகலாம். போடாமல் விட்டால் எந்த வகை வந்தாலும் மாடு விழும், அந்த ஒன்று மட்டும் தெரியும்.

எந்தக் கூட்டமாக இருந்தாலும், சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நான் மேடையை விட்டு இறங்குவேன். இன்றைக்குக் கேட்கப்போவதில்லை. ஐயாவின் மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை கை எழும்பியது என்று அந்தப் பெண் திரும்பிப் பார்க்க வேண்டாம். வருகிறவர்கள் திங்கட்கிழமை காலை வாருங்கள், நான் மைதானத்தில் இருப்பேன்.