திட்டறதுக்கு ஒரு ஆள்

தூங்கலாமென்றுதான் ராசிபுரம் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பேர். கோழிப் பண்ணை ஃபேனைத் தானாக ஓட்டும் கருவி செய்து விற்கும் கூட்டாளிகள் என்று பேச்சில் தெரிந்தது.

“புரோகிராமை மெஷின் பாஷைக்கு மாத்தற கம்பைலர் சாஃப்ட்வேரை இந்தத் தடவையும் காசு குடுத்தே வாங்கிருவோம் மாப்ள. தப்பு வந்தா திட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமில்லீங்க?” என்றார் மூத்தவர்.

“போன கோடையில ஃபேன் நின்னப்ப கம்பைலர் லைசென்ஸ் முடிஞ்சுபோயி, புரோகிராமைத் திருத்த முடியாம நின்னோமே மச்சான். கம்பெனிக்காரன் திங்கக்கிழமை வாரேன்னான். அதுவரைக்கும் ஃபேன் இல்லாம கோழி உசுரோட இருக்குமுங்களா? இலவசமா கெடைக்கற ஓப்பன் சோர்ஸ் கம்பைலரே போதுமுங்க. தப்பு வந்தா என்னையத் திட்டுங்க.”

மூத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சியக் கட்டுன உங்களை நான் எப்பிடீங்க திட்டறது?”