மேலே பத்தொன்பது, கீழே பதினொன்று

"வசந்தா! நவுரு!"

என் புருஷன் கத்துகிறார். கத்தும் அளவுக்கு அவரிடம் மூச்சு இல்லை. இருந்ததை எல்லாம் அந்த ஒரு கத்தலில் கொட்டிவிட்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். தலைக்கு மேலே படார் என்று ஒரு சத்தம். பிறகு தகரம் கிழியும் சத்தம். சில்வர் ஓக் மரத்தின் கிளை கூரையில் விழுந்திருக்கிறது. நான் நின்றிருந்த இடத்துக்கு மேலே ஓட்டை. ஓட்டை வழியாக மழை.

அது ஐப்பசி. மழை பிடித்து இரண்டாம் நாள். வாழவந்தி நாட்டில், ஓடைக்கு இந்தப் பக்கம், மிளகுத் தோட்டத்துக்கு நடுவில் எங்கள் வீடு. கரண்டு முதல் நாளே போயிருந்தது. மலை இறங்கும் சாலையில், கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து கிடந்தது.

என் புருஷன் பெயர் பழனி. நாமக்கல் பக்கம் ஒரு கல் கிரஷரில் மோட்டார் பார்க்கும் வேலையில் இருந்தார். பல வருஷம் கல் தூளைத் தின்றார். நுரையீரல் போனதும் அனுப்பிவிட்டார்கள். இப்போது காலையும் மாலையும் நெபுலைசரில் மருந்துப் புகை பிடித்தால்தான் மூச்சு. அந்த மிஷினுக்கு மின்சாரம் வேண்டும். மலையில் கரண்டை நம்ப முடியாது. அதனால் கூரையில் ஒரு சோலார் பேனல். உள்ளே ஒரு பேட்டரி. ஒரு சின்ன இன்வெர்ட்டர்.

மாட்டிக் கொடுத்தது என் கொழுந்தன் சேகர். சோளக்காடு பஜாரில் கடை வைத்திருக்கிறான். போன், டிவி, சோலார், எது வேண்டுமானாலும் மாட்டுவான். மாட்டியதைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

கிளை விழுந்த அன்று காலையிலேயே இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்தது. கீ, கீ, கீ. பேட்டரி இறங்கிவிட்டது என்று அர்த்தம். நெபுலைசர் ஒரு முறை டர் என்றது. நின்றது.

சேகருக்குப் போன் செய்தேன். என் போனிலும் சார்ஜ் கொஞ்சம்தான். வந்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஓடையில் அப்போது முழங்கால் அளவுதான் தண்ணீர். ரெயின்கோட்டைக் கழற்றவில்லை. கூரையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த சார்ஜ் கண்ட்ரோலரைப் பார்த்தான். பேனலில் இருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அளந்து விடும் சின்னப் பெட்டி அது. அதில் பச்சை விளக்கு எரிந்தது. பேனல் வயரைக் கழற்றி மீட்டர் வைத்தான். பத்தொன்பது வோல்ட்.

"பேனல் நல்லாருக்குதுங்க அண்ணி. வோல்ட் வருது பாருங்க. பேட்டரிதான் அவுட்டு. வேற மாத்தோணும்."

"மேல ஏறி ஒருக்கா பாருங்க தம்பி."

"மேல என்னத்தப் பாக்கறது? நான் மாட்டுனதுங்க. ரோடு சரியாவட்டும், சேலத்துல இருந்து புதுசு எடுத்துட்டு வாரேன்."

"அப்ப அண்ணன வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்காவது கொண்டு போங்க."

"சறுக்கும் அண்ணி. நாளைக்குப் பாக்கலாம்."

போய்விட்டான். கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பவர் அவனுடைய கூடப்பிறந்தவர். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேட்டரிக்குத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனான். மதியத்துக்குள் ஓடை இடுப்புக்கு ஏறியது. பிறகு மார்புக்கு. அதன் பிறகு யாரும் வரவில்லை. அன்று சாயங்காலம்தான் கிளை விழுந்தது.

விடிந்தது. மழை விட்டிருக்கிறது. மூடுபனி. அதற்குப் பின்னால் வெளுப்பாக ஒரு வெயில். அவருடைய உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. படுக்க முடியவில்லை. முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சுக்குள் விசில் கேட்கிறது. பேச முடியாது. கையை ஆட்டி என்னைக் கூப்பிடுகிறார். மீட்டரைக் காட்டுகிறார். அது அவருடைய மீட்டர். கிரஷரில் இருந்து அவருக்கு மிஞ்சியது அதுதான்.

நான் ஏணியை வைத்தேன். கிளை பேனலின் மேல் பாதி கிடந்தது. அரிவாளால் வெட்டித் தள்ளினேன். கண்ணாடி உடையவில்லை. ஈர இலைகளை முந்தானையால் துடைத்தேன். இறங்கி வந்து பார்த்தேன். கண்ட்ரோலரில் பச்சை விளக்கு. பேட்டரிக்குள் போகும் ஆம்பியர் சைபர். அந்தப் பச்சை விளக்கும் சேகர் மாதிரிதான். இருக்கிறேன் என்று காட்டும். வேறு ஒன்றும் செய்யாது.

அவர் வயரைக் கழற்றாமலே மீட்டர் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். வைத்தேன். பதினொன்று. நேற்று சேகர் கழற்றிவிட்டுப் பார்த்த இடம்தான். கழற்றினால் பத்தொன்பது. பேட்டரியோடு சேர்ந்திருந்தால் பதினொன்று.

அவர் விரலால் மேலே காட்டினார்.

மறுபடி ஏறினேன். பேனலின் முதுகில் ஒரு கறுப்பு டப்பா. மூடியைத் திறந்து உள்ளே மீட்டர் முனைகளை வைத்தேன். பத்தொன்பது.

"மேல பத்தொம்போதுங்க! கீழ பதினொன்னு!" என்று கூரையில் இருந்தே கத்தினேன்.

உள்ளேயிருந்து கட்டிலைத் தட்டும் சத்தம். டக். டக். டக். எனக்கும் புரிந்துவிட்டது. பேட்டரி சாகவில்லை. பேனலும் சாகவில்லை. இரண்டுக்கும் நடுவில் வயரில் எங்கோ அறுந்தும் அறாமலும் கிடக்கிறது. வோல்ட் எட்டிப் பார்க்கிறது. கரண்டு இறங்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஓர் ஏணி போதும். ஏற மனசு வேண்டும்.

வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். இறவாரத்துக்கு அடியில் ஒரு புடைப்பு. இன்சுலேஷன் டேப் சுற்றிய புடைப்பு. அமுக்கினால் தண்ணீர் வருகிறது.

"எறங்கு!"

எங்கிருந்து அவருக்கு அந்தக் குரல் வந்ததோ தெரியாது. ஜன்னலில் மின்னலைக் கண்டிருக்கிறார். அடுத்த நொடி எதிர் மேட்டில் இடி. காது அடைத்தது. ஏணியில் பாதி சறுக்கி, பாதி குதித்து இறங்கினேன். முழங்கை உரிந்தது. உள்ளே போனால், அந்த ஒரு சொல்லுக்கு அவர் கட்டிலில் சாய்ந்து கண் செருகிக் கிடக்கிறார். முதுகைத் தேய்த்தேன். "மூச்ச இழுங்க மாமா, இழுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல. நிமிர்ந்து உட்கார்ந்ததும் போர்வையை எடுத்து என் கையில் திணித்தார். பேனலை மூடிவிட்டு வயரைத் தொடு என்கிறார்.

இடி தள்ளிப் போகும்வரை வாசலில் நின்றேன். பிறகு ஏறினேன். பேனலைப் போர்வையால் மூடினேன். டேப்பை உரித்தேன். செத்த பாம்புச் சட்டை மாதிரி வந்தது. உள்ளே செம்பு கறுத்திருந்தது. பச்சைத் தூள் பூத்திருந்தது. வயர் நீளம் போதாமல் ஒட்டுப் போட்டிருக்கிறான். இறுக்கி முறுக்கக்கூட இல்லை. பிள்ளைகள் பட்டத்துக்கு வால் கட்டுவது போல இரண்டு நுனிகளை உரசவிட்டுச் சுற்றியிருக்கிறான். சொந்த அண்ணன் வீடு.

கத்தியால் செம்பு மினுங்கும்வரை சுரண்டினேன். பிளஸ், மைனஸ் இரண்டு வயரிலும் அறுந்த நுனியோடு நுனியைப் பின்னி முறுக்கினேன். இடுக்கியால் இறுக்கினேன். ஒவ்வொரு ஒட்டையும் தனித்தனியாகப் புது டேப்பால் சுற்றி, பாலிதீன் கட்டி, தண்ணீர் சொட்டாத பக்கம் தூக்கிக் கட்டினேன். போர்வையை இழுத்தேன்.

கீழே ஆம்பியர் இரண்டு. மூடுபனி விலகும்போது மூன்று. பேட்டரியின் வோல்ட் மெல்ல ஏறுகிறது. நான் அதையும் பார்க்கிறேன், அவர் உதட்டையும் பார்க்கிறேன். உச்சி வெயில் வரை பொறுத்தேன். மேற்கே மறுபடி கறுத்தது. இனிப் பொறுக்க முடியாது. சுவிட்சைப் போட்டேன்.

டர்ர்ர்ர்.

அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை. மாஸ்க்கில் புகை வந்தது. அவர் தோள் இறங்கியது. மருந்து தீரும்வரை மிஷின் நிற்கவில்லை. பிறகு போனைச் சார்ஜில் போட்டேன்.

முதலில் பொன்னாயி அக்காவைக் கூப்பிட்டேன். எங்களுக்குக் கீழ் வளைவில் தனியாக இருப்பவள். மகளை மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் கட்டிக் கொடுத்துவிட்டாள். போன் ஸ்விட்ச் ஆஃப். அவள் போனை அணைக்கிற ஆள் இல்லை. மகள் கூப்பிடுவாள் என்று எந்நேரமும் மடியில் வைத்திருப்பாள்.

இறங்கி ஓடினேன். மண்சுவர் உள்பக்கமாகச் சரிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே அவள் உடம்பு முழுக்கச் சுவருக்கு அடியில். உயிர் இருந்தது.

"போன்ல உசுரில்ல கண்ணு. ரெண்டு நாளா லைட்டும் எரியல. நேத்துல இருந்து கூப்புட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

ஓடையின் இரைச்சலில் அவள் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை. என் போனில் ஆட்களைக் கூப்பிட்டேன். வந்தார்கள். மண்ணைத் தள்ளி, போர்வையில் தூளி கட்டி, கயிறு பிடித்து ஓடையைக் கடந்தோம். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். மகளின் பெயரைச் சொன்னாள். தார் ரோட்டுக்கு வருவதற்குள் கை குளிர்ந்துவிட்டது.

அவளை எடுத்து அடக்கம் செய்த மறுநாள் அவள் வீட்டுக் கூரையில் ஏறினேன். மிச்சமிருந்த சுவரில் ஏணி சாய்த்து ஏறினேன். அவளுக்கும் சேகர்தான் பேனல் மாட்டியிருந்தான். அதே ஒட்டு. அதே டேப். உள்ளே அதே கறுப்பு.

சேகர் துக்கத்துக்கு வந்திருந்தான். வெள்ளைச் சட்டை. என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"உங்க பேட்டரிக்குச் சொல்லியாச்சுங்க அண்ணி. ரோடு தொறந்ததும் வந்துரும்."

"பேட்டரி சாவலீங்க தம்பி. இந்த ஏணி இங்கயேதான் இருக்குது. ஏறிப் பாருங்க."

கூரையைப் பார்த்தான். சட்டையைப் பார்த்துக்கொண்டான்.

"விதிங்க அண்ணி. நம்ம கையில என்ன இருக்குது?"

கூட்டத்தில் கலந்துவிட்டான். ஏறவில்லை. இதுவரை ஒரு கூரையிலும் ஏறவில்லை. நான் ஏறுகிறேன். கூப்பிடுகிற வீட்டுக்கெல்லாம் கத்தியும் டேப்பும் எடுத்துக்கொண்டு போகிறேன். அவன் போட்ட ஒட்டில் ஒன்றாவது நன்றாக இருக்கட்டும் என்று பார்க்கிறேன். இன்னும் கண்ணில் படவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்த மழையில் போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏழு சில்வர் ஓக் மரங்கள், மேலே ஏறியிருந்த மிளகுக் கொடிகளோடு. மரவள்ளிக் காட்டில் பாதி. இரண்டு வெள்ளாடு. எங்கள் கூரையில் ஒரு தகரம். பொன்னாயி அக்கா.

அவள் மழையில் செத்தாள் என்று சோளக்காட்டில் சொல்வார்கள். நம்பாதீர்கள்.